கழிவு போக

இருபத்தெட்டு என்றான் மரியநேசன்.
ஆயிரம் என்று சொல்லவில்லை,
வெள்ளி என்றும் சொல்லவில்லை.
கார் விற்பவர்கள் இந்த ஊரில் அப்படித்தான்.

அறுபத்தாறாம் வருடத்து ஃபோர்ட் ஆங்கிலியா.
கூரையை மூன்று அங்குலம் அறுத்து இறக்கி,
பானட்டைக் கழற்றிவிட்டு,
டொயோட்டா எஞ்சின் வெளியே தெரிய
பகாவ் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
தகரக் கொட்டகையில் நின்றது,
சட்டை போட மறுக்கிற பையன் மாதிரி.

பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினான்.
ரசீதுகள்.
"கூட்டினா நாற்பத்தொண்ணு வரும், எண்ணிப் பாருங்கக்கா."
எண்ணவில்லை.
செம்பனை மில்லில் நான் எடைமேடை கிராணி.
லோரிக்காரன் எத்தனை மணிக்கு எழுந்தான்,
எந்தச் சேற்றில் சக்கரம் புதைந்தது என்று
மேடை கேட்காது.
பழுக்காத குலைக்கு இவ்வளவு,
நீளக் காம்புக்கு இவ்வளவு,
ஈரத்துக்கு இவ்வளவு.
கழிவு போக மிச்சத்துக்குத்தான் காசு.

பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன்.
வீட்டில் ஐஸ்பெட்டிக் கதவில்
தண்ணீர் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கும்
டுரியான் வடிவக் காந்தம்.
முன்கதவில் ஒட்டியது.
பின்சக்கர வளைவில் வழுக்கி விழுந்தது.
அங்கே இரும்பு இல்லை, பட்டி.
இரண்டு கழித்தேன்.
கிரானில் இருக்கிற எண் எஞ்சினில் இல்லை.
ஜேபிஜே வரிசையில் நான் நிற்கப்போகிற காலைகள்,
புஸ்பாகோம்காரன் உதட்டைப் பிதுக்கப்போவது,
எல்லாம் சேர்த்து நான்கு.
டயர்களுக்கு ஆறு வயது. ஐந்நூறு.
அவன் சாவி எடுக்க உள்ளே போனபோது
பாட்டரிக்கு அடியில் விரலை விட்டேன்.
விரல் சிவப்பாக வந்தது.
ஒன்று.

கோலா பிலா சாலையில் ஓட்டிப் பார்த்தேன்.
மூன்றாவது கியரில்
செம்பனை வரிசைகள் தனித்தனியாக இருப்பதை விட்டுவிட்டன.
வயிறு ஒரு நொடி பின்சீட்டுக்குப் போனது.
பின்சீட்டு என்று ஒன்று இல்லை,
அதனால்தான் விற்கிறான்:
மனைவிக்கு ஏழு மாதம்.
இந்த ஒரு நொடிக்கு எவ்வளவு கூட்டுவது?
கூட்டினேன்,
முகத்தில் காட்டாமல்.

திரும்பி வந்து குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது,
கிரீஸுக்கு அடியில் இரட்டைக் கார்புரேட்டர்.
"அது தைவான் நகல்க்கா.
தௌக்கே சும்மா தூக்கிக் கொடுத்தான்."
கட்டைவிரலால் துடைத்தேன்.
வார்ப்பில் இத்தாலி எழுத்து.
மூன்று வருடம் தேடியிருக்கிறேன் இந்த ஜோடியை,
கிள்ளானில், ஈப்போவில், ஒருமுறை ஹாட்யாய் வரை போய்.
ஆறாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு.
விரலை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு
பதினெட்டு என்றேன்.
இருபத்தைந்து என்றான்.
தேத்தாரே வந்தது. ஆடை கட்டியது.
இருபத்தொன்றில் கை கொடுத்தான்.
பேனா என்னுடையது.

வியாழக்கிழமை, மில்லில்,
மழை விட்ட நேரத்தில் கைப்பேசி.
"அக்கா, ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்.
பாட்டரிக்கு அடியில துரு. ஓட்டை விழும்.
ரெண்டு நாளா தூக்கம் இல்ல.
ஐந்நூறு வெள்ளி திருப்பிப் போடறேன்,
பேங்க் நம்பர் அனுப்புங்க."
"வேண்டாம் தம்பி. பார்த்தேன்.
கழிச்சுட்டுத்தான் விலை கேட்டேன்."
அந்தப் பக்கம் அவன் மூச்சு விட்டது கேட்டது.
யாரோ ஒரு பெண் என்னவாம் என்றாள்.
அவன் சிரித்தான்.
"அந்தத் தைவான் சாமான் தகராறு பண்ணுதாக்கா?"
"இல்லை" என்றேன்.
அது பொய் இல்லை.

முற்றத்தில் லோரி எதுவும் இல்லை.
காலி மேடை
இருபது கிலோ காட்டிக்கொண்டிருந்தது.
மழைக்குப் பிறகு அப்படித்தான், ஈரம், ஒட்டிய சேறு.
பூஜ்யமாக்க ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினேன்.
பூஜ்யம் வந்தது,
கொஞ்ச நேரம் நின்றது.