ரசீது

படிவத்தில் ஏழாம் கேள்வி:
"இதுவரை என்ன மாற்றினீர்கள்? எண்ணில் எழுதுக."

உலான்பாத்தரில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
பேருந்து நிறுத்தத்தில் வைத்து நிரப்பினோம்.
உறைந்த பேனாவைச் சோலோங்கோ
அக்குளில் வைத்துச் சூடேற்றினாள்.

பள்ளி வாசல் புகையை அளக்க
இரவல் கருவி ஒன்று இருந்தது.
அது காட்டியதை அதிகாரி நம்பவில்லை,
இருமிக்கொண்டே நம்பவில்லை.

எண்ணா கேட்டீர்கள்?
ஒன்பது பேர், ஐந்து ஜோடிக் கையுறை.
முறைவைத்துப் பதாகை பிடித்தோம்.

மார்ச்சில் பணம் வந்தது.
முதல் செலவு, கையுறை நான்கு ஜோடி.
ரசீது இணைத்திருக்கிறேன்.

அடுத்தது, நூலகப் பின்னறைச் சாவிக்கு ஒரு நகல்.
யார் எவரென்று காவலர் சோரிக்த் விசாரிக்கவில்லை.
"கடைசியாப் போறது யாரு?
விளக்கை அணைக்கணும்," என்றார்.

பெரும்பாலும் நான்தான்.
அதற்கு ரசீது இல்லை.