மூன்றாவது சிலிண்டர்

மேசைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி
முழங்காலில் அனல் ஊதுகிறது.
சூடு குறையட்டுமென்று
அதன் பக்கத் தகட்டைக் கழற்றி இரண்டு மாதம்.
திரையில் நான் மூவாயிரம் அடி ஏறிவிட்டேன்.
கீழே கானாடுகாத்தான்,
வீடெல்லாம் நடுவில் ஓட்டையோடு
சதுரமாய்த் தட்டிய வடைகள்.

சிலிண்டர் தலையின் வெப்பம் இருநூற்று நாற்பது.
நான் இன்னும் மூக்கைத் தாழ்த்தவில்லை.
என்ன ஆகிவிடும்?
ஒரு பொத்தான்.
மறுபடி ஓடுதளம், மறுபடி காலை ஆறு மணி,
மறுபடி புத்தம்புது எஞ்சின்.
இப்படி நான் உருக்கியவை பதினேழு.

போன சித்திரையில் அப்படியில்லை.
கண்மாய்களைப் படமெடுத்து அளக்கும் வேலை.
ஓட்டுவது நான்,
பின்னால் கேமராவோடு சாத்தப்பன்.
மதுரையில் சக்கரம் தரையை விடும்போதே
காற்று வெந்துதான் இருந்தது.
‘இன்னும் மேல, இன்னும் கொஞ்சம் மேல.’
அவனுக்கு ஒரே படத்தில் மூன்று கண்மாய் வேண்டும்.
கோவிலூர் தாண்டும்போது
மூன்றாவது முள் மட்டும்
மற்ற ஐந்தையும் விட்டு எழுந்தது,
பந்தியில் பாதியில் எழுந்துவிட்ட சம்பந்தி மாதிரி.
என்னவென்று எல்லோரும் பார்க்க வேண்டியதாயிற்று.

என் கை எதையோ தேடியது.
சொல்ல வெட்கமாயிருக்கிறது:
நிறுத்தி வைக்கிற பொத்தானை.

அப்புறம்தான் மூக்கைத் தாழ்த்தினேன்.
வேகம் எண்பதிலிருந்து நூறு.
எஞ்சின் மூடியின் அடிமடல்களை
முழுக்கத் திறந்துவிட்டேன்.
கலவைக் குமிழை முன்னால் தள்ளினேன்.
பெட்ரோல் ஊற்றிச் சூட்டைத் தணிப்பது:
இதை எங்கள் வீட்டில் சொன்னால்
அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டார்கள்.
எரிய இடம் கிடைக்காத பெட்ரோல்
ஆவியாகி,
சூட்டைத் தூக்கிக்கொண்டு
புகைக்குழாய் வழியே இறங்கிப் போகிறது.

எண்ணெய் வாடை வந்தது.
திரையில் அது வராது.
சாத்தப்பன் பேச்சை நிறுத்தியிருந்தான்.
அதுவும் வராது.

இருநூற்று முப்பத்தைந்து. முப்பத்தைந்து. முப்பத்தைந்து.
முப்பத்து நான்கு.

கீழே போர்க்காலத்து ஓடுதளம்,
வெயிலில் வெளுத்து, புல் கீறி.
திரையில் அதில் நூறு முறை இறங்கியிருக்கிறேன்.
அன்று அதைக் கண்ணால் அளந்துவிட்டுத் திரும்பினேன்.
விசையை ஒரேயடியாய் இழுக்கவில்லை,
நிமிடத்துக்கு ஓர் அங்குலம்.
கொதித்த சிலிண்டர் சட்டென்று குளிர்ந்தால் விரியும் என்பார்கள்.
அதெல்லாம் கதை என்பவர்களும் உண்டு.
எனக்குத் தெரியாது.
சோதித்துப் பார்க்க அது என் எஞ்சின் இல்லை.

மூடியைத் திறந்து
டார்ச் அடித்தாள் மெக்கானிக் பிலோமினா.
ஒரு ரப்பர் பட்டை,
இரண்டு விரல் நீளம்,
பின்பக்கமாய் மடங்கிக் கிடந்தது.
‘காத்து உள்ள வந்திருக்கு மேடம்.
வேலை பாக்காமப் போயிருக்கு.’
மூடியே இல்லாமல் ஓட்டினால் என்ன என்று கேட்டேன்.
சிரித்தாள்.
‘இன்னும் சீக்கிரம் வேகும்.
தொறந்து போட்டா காத்து வரும்னு யாரு சொன்னா?
அதுக்கு வழி வேணும்.
நெருக்கி வுடணும்.’

ஓராண்டு கழித்து
முழங்கால் சுட்ட பிறகு
இன்றுதான் அது எனக்குக் கேட்கிறது.

விமானத்தைத் தானாகப் பறக்க விட்டுவிட்டு
தகட்டைத் தேடினேன்.
கட்டிலுக்கு அடியில் இருந்தது, ஒட்டடையோடு.
திருகு மூன்றுதான் அகப்பட்டது.
நாலாவது எங்கே போனதோ.
குரங்குக்குப் பயந்து சாத்தியிருந்த
பின்கட்டுக் கதவையும் திறந்து வைத்தேன்.
முகப்பிலிருந்து ஒரு காலண்டர் தாள்
படபடத்தது.

மூன்றாவது திருகு இறுகும்போது
கரண்ட் போயிற்று.
நாலாயிரம் அடியில்
ஆறு சிலிண்டரும் இல்லாமல் போயின,
கண்மாய்களும், வடைகளும், நானும்.

இருட்டில்
மேசைக்கு அடியில் மட்டும் ஏதோ ஓர் உலோகம்
டிக்
டிக் என்று
தன் அளவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.