ஐந்துக்கு ஒன்று

ஐந்துக்கு ஒன்று.
காரைக்கால்காரர்களை ஐந்துக்கு ஒன்று என்று
கூத்தாநல்லூர் முழுக்கப் பேச்சு.
கறிக்கடையில் எடைக்குமேல் ஒரு துண்டு விழுகிறது.
சலூனில் ஒருத்தன் பாதித் தலையோடு உட்கார்ந்திருக்க
கத்தரிக்கோல் காற்றில்
கார்னர் கிக் அடித்துக் காட்டுகிறது.

அந்த ஐந்தில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

பார்த்தது அந்த ஒன்றைத்தான்.
ஒன்பதாவது நிமிஷம், நம்ம வலைக்குள்.
வலை ஆடி அடங்குவதற்குள்
மேற்குக் கம்பத்து விளக்குகள் அணைந்தன.
மைக்கில் கூப்பிட்டார்கள்:
"லைன்மேன் வைரக்கண்ணு எங்கிருந்தாலும்
உடனே டிரான்ஸ்பார்மருக்கு வரவும்."

பஜ்ஜிக் கடைக்காரன் கொக்கி போட்டிருந்தான்.
ஐஸ் வண்டிக்காரனும்.
ஒரு ஃபியூஸ் கட்டினால் கால்மணி நேரம்,
அடுத்தது பத்து நிமிஷம்.
ரைஸ் மில் சுவருக்கு இந்தப் பக்கம்
உமித் தூசியில் தும்மிக்கொண்டு
காதாலேயே ஆட்டம் பார்த்தேன்.
'ஆ' என்று எழும்பி 'ச்சே' என்று விழுந்தால் கம்பத்தில் பட்டது.
எழும்பியது விழாமல்
வெண்ணாற்றுப் பாலம்வரை போனால், கோல்.
ஐந்து தடவை போனது.
ஐந்தாவது தடவை கட்டிங் பிளேயர் கைநழுவிச்
சாக்கடையில் விழுந்தது.

காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
முதல் கோல் இடது காலால் என்கிறான் நைனா.
தலையால் என்று பேக்கரி அந்தோணிராசு
பிள்ளை மேல் சத்தியம் செய்கிறான்.
அடித்த பக்ருதீனையே கேட்டேன்.
"தெரியல மாமா, தோள்ல பட்டிருக்கும்."
இரண்டாவது பெனால்டி.
அதற்கு யாரிடமும் கதை இல்லை.
மூன்றாவதைக் காற்றின் பேரில்தான் எழுதவேண்டும் போலிருக்கிறது.
நான்காவதற்கு ஏழு பாஸ் என்றார்கள் காலை டீக்கு,
மாலைக்குள் பதினொன்று ஆகிவிட்டது.
ஐந்தாவது நேரத்தில் எல்லாரும் மைதானத்துக்குள் நின்றார்களாம்,
ரெஃபரி உட்பட யாருக்கும் பந்து தெரியவில்லை.

போன வருஷம் காரைக்காலில் ஆறு வாங்கினோம்.
திருவாரூர் தாண்டும்வரை வேனில் யாரும் வாய்திறக்கவில்லை.
கோல்கீப்பர் மரியசூசையை ஏற்றாதே, நடந்து வரட்டும் என்றவர்களில்
நானும் ஒருத்தன்.
அவன் பின்சீட்டில்
கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்து வந்தான்.
நேற்று அவனைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்களாம்.
அதே ஆட்கள். அதே தோள்கள்.
நான் இருந்திருந்தால் நானும்.

இரவு ஒன்பது மணிக்குக் கோச் ஜபருல்லா வந்தார்,
டிவிஎஸ் ஃபிப்டியை அணைக்காமல்.
"அஞ்சைப் பத்தி அம்பது பேர் சொல்லிட்டான்.
அந்த ஒண்ணு எப்படிய்யா விழுந்துச்சு?
எவனுக்கும் ஞாபகமில்ல."

எனக்கு இருந்தது. அது ஒன்றுதானே இருந்தது.

"லெஃப்ட் பேக் செங்குட்டு திரும்பிப் பார்த்துட்டான் சார்.
அந்த ஒரு செகண்டுல உள்ள பூந்துட்டாங்க."

"பந்து அங்க இருக்கையில எதைத் திரும்பிப் பார்த்தான்?"

"ஆளுங்க பக்கம். யாரோ அவன் பேரைக் கத்துனாங்க."

"யாரு?"

வண்டி படபடத்துக்கொண்டிருந்தது.
தெருவிளக்கில் ஈசல் மொய்த்தது.
"நான்தான் சார்" என்றேன்.

அவர் திட்டவில்லை.
கொஞ்ச நேரம் என் கையிலிருந்த ஃபியூஸ் கம்பியைப் பார்த்தார்.
பிறகு, சிரித்தாரா இல்லையா தெரியவில்லை,
"ஞாயித்துக்கிழமை ஃபைனல்.
நீ டிரான்ஸ்பார்மர்கிட்டயே நில்லு.
ஃபியூஸ் போனாலும் போகாட்டியும்" என்றார்.

சரி என்றேன்.
ஊருக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.

இன்று மதியம் போய்
ஏணியை ஒரு முழம் தள்ளிப் போட்டுப் பார்த்தேன்.
மேல்படியில் குதிகாலை உயர்த்தி நின்றால்
மில் சுவருக்கு மேலே
வடக்குக் கோல்போஸ்ட்டின் வலது மூலை
ஒரு சாண் அளவுக்குத் தெரிகிறது.

பக்ருதீனிடம் சொல்லி வைக்கவேண்டும்.
அடித்தால் அங்கே அடி என்று.
கத்தமாட்டேன்.