கீப்

ராஸ்காமன் இறைச்சி ஆலை, காலை ஆறேகால்.
பூட்ஸ் கழுவும் தொட்டியருகே டின்னி கேட்டான்:
"ஹவ் ஆர் யூ கீப்பிங், ஜுசேலியா?"

கீப். அகராதியில் பார்த்திருந்தேன்.
கைவசம் வைத்திரு.
எதை வைத்திருக்கிறாய் என்கிறான் போல.
பையைத் திறந்து பார்த்துச் சொன்னேன்:
"ரெண்டு முட்டை. ஒரு வாழைப்பழம்."
எலும்பு நீக்கும் வரிசை முழுக்கச் சிரித்தது.
டின்னி சிரிக்கவில்லை.
"அப்போ நல்லாத்தான் இருக்கே" என்றான்.

அன்றிலிருந்து அந்தச் சொல்
பூட்ஸுக்குள் விழுந்த கல் மாதிரி கூடவே வந்தது.
சாலையில் இடப்பக்கம் கீப்.
பூங்காவில் புல்லை மிதிக்காமல் கீப்.
காற்று உறிஞ்சிய பொட்டலத்தில் மாட்டிறைச்சி
இருபத்தொரு நாள் கீப் ஆகும்,
திறந்த பால் ஆகாது.
பேசிக்கொண்டே இரு என்பதற்கும் அதுதான்,
வாயை மூடு என்பதற்கும் அதுதான்.
என்ன சொல் இது,
கூப்பிட்ட கட்சிக்கெல்லாம் கொடி பிடிக்கிறது!
இட் கீப்ஸ் ரெயினிங்.
அதை மட்டும்
யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு ஆட்டத்தில் வால்டெமிர்
ஏழு கோல் விட்டான்.
அவனுக்குப் பெயர் கீப்பர்.

மே மாதம் வீடு மாறினோம்.
பழைய வீட்டுக்காரர் ஃபலன் கடிதம் போட்டார்.
ஒரே பத்தி, பச்சை மையில் கையெழுத்து.
குளியலறைச் சுவரில் பூஞ்சை, ஆகவே
முன்பணம் தொள்ளாயிரம் யூரோவை
ஐ வில் பி கீப்பிங்.

அந்தப் பூஞ்சை
நாங்கள் வருவதற்கு முன்பே அங்கே குடியிருந்தது,
வாடகை கொடுக்காமல்.

இந்த முறை அகராதியை எடுக்கவில்லை.
வால்டெமிர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான்.
சமையல் மேஜையில் இடம் ஒதுக்கி எழுத உட்கார்ந்தேன்.
நாலு தாள் கசங்கிற்று.
ஐந்தாவதில், குடிவந்த நாளன்று எடுத்த
பூஞ்சையின் போட்டோக்கள் என்னிடம் உள்ளன என்றேன்.
ஐ கெப்ட்.
நடந்து முடிந்ததைச் சொன்னால்
இந்தச் சொல்லின் வாலில் ஒரு தட்டு விழும்,
ஆணியில் சுத்தியல் போல.
வாடகை ரசீதுகள், பதினெட்டு மாதத்துக்கும். கெப்ட்.
பிறகு கடைசி வரி,
பணம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்:
ஐ வில் கீப் ஆஸ்கிங்.
அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று
மூன்று தடவை பார்த்தேன்.

திங்கள் காலை தபாலில் போட்டுவிட்டு
ஓட்டமாக ஆலைக்குப் போனேன்.
கொட்டும் மழை. தொட்டியருகே டின்னி.
"ஹவ் ஆர் யூ கீப்பிங்?"

"நகல்" என்றேன். "எல்லாத்துக்கும்."