ஓவசியருக்குக் குளிசை

ஐம்பத்தாறு குளிசை.
காலை ஒன்று, இரவு ஒன்று, வெறும் வயிற்றில் கூடாது
என்று தாளில் எழுதித் தந்தார் மல்லாவி மிருக வைத்தியர்.
ஹசந்த என்று பெயர், தமிழ் பழகிக்கொண்டிருக்கிறார்.
"நாய் நல்லவர். வாய் கெட்டவர்" என்றார்,
பல்லுப் பட்ட விரலைக் கழுவியபடி.

உண்ணிக் காய்ச்சல்.
முரசு வெளிறி, மூக்கால் இரத்தம் சொட்ட
மூன்று நாள் படலையடியிலேயே கிடந்தான்.
வீட்டுத்திட்டம் வந்த வருசம் தானாக வந்து சேர்ந்தவன்.
அத்திவாரம் வெட்டினால் குழிக்குள் இறங்கிப் பார்ப்பான்.
அடுக்கிய கல்லை ஒவ்வொன்றாய் மணந்து
பிடிக்காத கல்லுக்குக் காலைத் தூக்குவான்.
மேசன்மார் வைத்த பெயர்தான், ஓவசியர்.

முதல்நாள் பாணுக்குள் வைத்தேன்.
பாண் போனது.
குளிசை கிடந்தது, கழுவித் துடைத்தது மாதிரி.
மாஜரீன் பூசினேன், மாஜரீன் போனது.
புட்டுக்குள் பிசைந்தால் புட்டை மணந்துவிட்டு
என்னை ஒரு பார்வை பார்த்தான்.
கணக்கில் களவு பிடித்த ஓவசியரின் அதே பார்வை.

நான் கண்ணிவெடி எடுக்கிற வேலைக்குப் போகிறவள்.
முழங்காலில் இருந்து, முகத்துக்கு மூடி போட்டு
ஒரு சாண் மண்ணை ஒரு மணித்தியாலம் சுரண்டுவேன்.
கருவி கீச்சிட்டால் கை நிற்கும்.
ஆணியோ, ரின்மீன் மூடியோ, மற்றதோ,
தெரியும்வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை.

இவனுக்குக் கருவி வேண்டாம்.
சூடைக் கருவாட்டின் வயிற்றைக் கீறி
நான் புதைத்து மூடியதை
ஒரு முழத்துக்கு அப்பால் நின்றே கண்டுபிடித்தான்.
சுற்றிவரத் தின்றான்.
நடுவை அப்படியே விட்டுவிட்டுப் போனான்.
வேலையிடத்தில் சொன்னேன்.
"நாளைக்கே கூட்டி வா, சம்பளம் போடுவம்" என்றாள்
எங்கள் குழுத் தலைவி வினோதரஞ்சினி.

பின்னேரம் வந்து பார்க்கிறேன்,
முற்றத்தில் துப்பிக் கிடந்த குளிசையைச் சுற்றி
அக்சயன் நெருப்புக்குச்சி நட்டு வைத்திருக்கிறான்,
சிவப்புத் தலை மேலே தெரிய.
நான் அவனுக்கு இதைக் காட்டிக் கொடுத்ததே இல்லை.
ஒன்றும் சொல்லவில்லை. குச்சிகளைப் பிடுங்கவுமில்லை.

பக்கத்துவீட்டு றெஜினோல்ட்
"தாடையைத் திறந்தால் சரி அக்கா" என்று வந்தார்.
நாயைக் கவட்டுக்குள் இறுக்கினார்.
நாக்கின் அடிவரைக்கும் விரலை விட்டு வைத்தேன்.
சூடான வாய். வெடிமருந்தைத் தொடுகிற விரலுக்கு
அந்த ஈரம் புதிது.
தொண்டையைத் தடவினோம், விழுங்கினான்.
நாங்கள் கைகூடக் குலுக்கினோம்.
அவன் ஆறுதலாக எழும்பிக் கிணற்றடிக்குப் போய்
கன்னத்துக்குள் வைத்திருந்ததை எடுத்துத்
துலாக்காலடியில் துப்பினான்.

வெள்ளிக்கிழமை விடிய நாலரை.
வாகனம் ஐந்துக்கு வந்துவிடும்.
சோத்துப்பெட்டியை மூடாமல் சப்பாத்துக்கு ஓடினேன்.
திரும்பினால் பொரித்த மீன் இல்லை.
ஓவசியர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான்,
சுவரில் ஏதோ வெடிப்பு இருக்கிற மாதிரி.
முள்ளையும் விடவில்லை.
மணந்தும் பார்த்திருக்க மாட்டான்.

அப்போதுதான் விளங்கியது.
கொடுத்தால் சந்தேகம்.
களவெடுத்ததைச் சோதிக்க யாருக்கு நேரம்?

அன்று இரவு மீன்துண்டுக்குள் குளிசை,
துண்டு பெட்டிக்குள், மூடி பாதி திறந்து.
நிலத்துக்கு முதுகு காட்டாதே என்று
பத்து வருசமாய்ப் பழக்கிய உடம்பைத்
திருப்பி நின்றேன்.
ஒரு சத்தம். மூடி உருண்டது.
"எட கள்ளா! நாசமாப் போனவனே!"
விறகுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு
மாங்குளம் ரயில் பாதை வரைக்கும் கலைத்தேன்.
சிரிப்பு வெளியே தெரியாமல் இருக்கப் பட்ட பாடு
எனக்குத்தான் தெரியும்.

இன்னும் முப்பத்தொன்பது கிடக்கு.
முரசு கொஞ்சம் சிவந்திருக்கிறது.
கட்டை அதே கட்டை, ஏச்சும் அதே ஏச்சு.
நேற்று ஓடும்போது திரும்பிப் பார்த்து
வாலை ஆட்டினான்.
இனிப் புதிதாக ஏதும் ஏசப் பழகவேண்டும்.