பதினோரு விநாடி

தார்த்து. ஜனவரி.
மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
மாரிகா இல்வெஸ் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள்.
ஒலிக்கோப்புகளுக்கு எண்ணிட்டு அடுக்கித் தருவது
என் வேலை.

முதலில் ஒரு நாய்.
பிறகு வானிலை வாசிக்கும் வானொலி.
அதற்கும் பிறகுதான் அந்தப் பெண்:
விறகு பிளந்துகொண்டிருந்தார், விழுந்துவிட்டார்,
கோடரி கட்டையிலேயே நிற்கிறது.

மாரிகா அளப்பது ஒன்றைத்தான்.
ஹலோ என்பதற்கும்
மார்பில் முதல் கை விழுவதற்கும் நடுவே
எத்தனை விநாடி.

மூச்சு விடுகிறாரா? கேட்கிறது மறுமுனை.
விடுகிறார்.
நிச்சயமாகவா?
விடுகிறார், குறட்டை மாதிரி.
அப்படியானால் தொடாமல் இருங்கள்,
வண்டி கிளம்பிவிட்டது.

அது மூச்சு இல்லை.
இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டு
பழக்கதோஷத்தில் தாடையை இழுக்கிறது,
கரையில் போட்ட மீனைப்போல.
என் மொழிக்காரர் எவரும்
வாசலில் நின்றே சொல்லியிருப்பார்:
இழுத்துக்கிட்டிருக்கு.
மேல்மூச்சு.
அந்தச் சொல்தான் இந்தத் தொலைபேசியில் இல்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகளில்
நூற்றுத் தொண்ணூறில் அதன் உறவுக்காரச் சொற்கள்:
கொர்ர், விக்கல், பெருமூச்சு, குதிரை மாதிரி.
ஏழு வயதிருக்கும், ஒரு பையன் சொன்னான்:
அப்பா தண்ணீருக்கு அடியில் பேசுகிறார்.
அன்று அவள் அதற்குக் குறியீடு போடவில்லை.
விட்டு நான்கு வருடமான சிகரெட்டைத் தேடி
பனியில் இறங்கிப் போனாள்.

அவர்கள் மொழியில் மூச்சுக்கும் உயிருக்கும் ஒரே வேர்.
நம்முடையதிலும் உயிர்த்தல் என்றால்
மூச்சுவிடுதல்தான்.
இரண்டு மொழியும் ஒரே இடத்தில் ஏமாந்திருக்கின்றன.

அதனால் அவள் கேள்வியை மாற்றினாள்.
மூச்சு இருக்கிறதா என்று கேட்காதே.
வயிற்றில் கை வைக்கச் சொல்,
ஒவ்வொரு முறை ஏறும்போதும்
'இப்போது' என்று சொல்லச் சொல்.
அடுத்த 'இப்போது' வரவில்லையென்றால்
அமுக்கச் சொல்.

பதினோரு விநாடி மிச்சம்.

போதாது என்கிறார் புள்ளியியல் ஹெல்டூர்,
நம்பிக்கை இடைவெளி சுழியத்தைத் தொடுகிறது,
இன்னும் முந்நூறு அழைப்பு வேண்டும்.
இன்னும் முந்நூறு பேர் விழ வேண்டும் என்பதை
மூவரும் கேட்டோம்,
காப்பி இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.
பதினோரு விநாடி என்றால் இருபது அழுத்தம்,
என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல்.

வீட்டுக்குப் போகும் வழியில் உறைந்து கிடக்கும் ஆறு.
பெயர் எமயோகி. தாய் ஆறு என்று பொருளாம்.
என் காதில் முதல் நாள் விழுந்தது
எமனும் யோகியும்.
சொன்னபோது சிரித்தாள்.
பாலத்தின் பாதியில் நின்று
பனிக்கட்டிக்குக் கீழே ஓடுவதைக் கேட்பதுபோல
கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்திருந்தாள்.

விறகுவெட்டிக்கு வருவோம்.
ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டில்
மறுமுனைக்குச் சந்தேகம் தட்டுகிறது.
மூன்று நிமிடம் ஐந்தில் முதல் கை.
அந்தப் பெண் உரக்க எண்ணுகிறாள்,
முப்பதுக்கு மேல் குரல் கம்முகிறது,
எண்ணிக்கை மட்டும் பிசகவில்லை.
பத்தாவது நிமிடத்தில் கதவு, காலணிகள்.
போதும், இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.
போன் தரையில் கிடக்கிறது.
சற்றுத் தள்ளி அவள்
எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது,
வெறுங்கையோடு.

இதற்கு அட்டவணையில் பத்தி கிடையாது.
கடைசிப் பத்தி ஒன்று உண்டு,
ஒன்றா சுழியமா என்று.
மாரிகாவுக்கு அதை மறைத்து வைப்பது விதி,
அளக்கும் கை நடுங்கக் கூடாதல்லவா.
சாவி என்னிடம்.
எனக்குத் தெரியும்.

ஹெட்போனைக் கழற்றினாள்.
அவள் கேட்கவில்லை, நான் சொல்லக் கூடாது.
நாய் குரைப்பது எந்த இடத்தில் நின்றது,
கவனித்தாயா? என்றாள்.
இல்லை என்றேன்.