2061-இன் டிக்கெட்

பசை இன்னும் காயவில்லை.
அட்டையில் செய்த டிக்கெட் மெஷினை
மெஜஸ்டிக் பதினேழாம் பிளாட்பாரத்தில்
பிலோமினாவிடம் நீட்டினேன்.
இருபது வருஷக் கண்டக்டர்;
எச்சில் தொட்டுத்தான் கிழித்தாள்.

"தர்மாம்புதி ஏரிக்கரை. ஆள் ஒன்று.
கட்டணம்: ஒரு ஞாபகம்."

"ஏரியா, இங்கயா?"
காலடியில் இருந்தது என்றேன்.
முப்பத்தைந்து வருஷத்தில் திரும்பி வரலாம் என்றும்
சொன்னேன், கொஞ்சம் தயங்கி.

தார்த்தரையைப் பார்த்தபடி நின்றாள்.
பிறகு, பஸ்ஸுக்குள் பேசும் குரலில்:
"ஞாபகத்தை வாங்கிக்கிட்டா
மீதிச் சில்லறை யாரு தருவா?"

நான் யோசிக்காதது அது.
கத்தியால் இன்னொரு துளை போட்டேன்,
முன்னால் இறங்கிப்போன யாரோ
விட்டுச்சென்றது வந்து விழ.

விரலை நுழைத்துப் பார்த்தாள்.
"இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டு," என்றாள்,
"மழைக்காலத்துல கூட்டம் வரும்."